முதல் கார் வாங்கியவர்களுக்குப் பெட்ரோல் பற்றி ஏழு சொல்

தம்பி, தங்கைகளே, புது வண்டிச் சாவி கைக்கு வந்ததும் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். பெட்ரோல் போடும் விஷயத்தில் என் பங்குக்கு ஏழு.

1. பங்க்கில் கேட்கும் முன் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் 'ஆர்.ஓ.என்.' என்ற ஆக்டேன் எண் போட்டிருக்கலாம். அதற்குக் கீழே இறங்கக் கூடாது; மேலே ஏறினால் செலவுதான் ஏறும்.

2. ஆக்டேன் சக்தியின் அளவு அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, பிளக் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதற்கான எண் அது. முந்திப் பற்றினால் இன்ஜின் 'டக் டக்' என்று தட்டும். அதுதான் நாக்கிங்.

3. இன்று நம் பங்க்குகளில் சாதா பெட்ரோலே 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது. முன்பு 91 ஆக இருந்த ஆக்டேன் இதனால் 95 ஆகியிருப்பதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் சொன்னது. டிசையர், அமேஸ் போன்ற டர்போ இல்லாத செடானுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் வீண்.

4. மைலேஜ் குறைந்தால் ஆக்டேனைக் குறை சொல்லாதீர்கள். லிட்டருக்கு லிட்டர், எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டியென்றால், இந்த எத்தனாலைத் தாங்குகின்றனவா என்று ரப்பர் குழாய்களையும் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

5. டர்போ இன்ஜினில் அழுத்தம் அதிகம். கையேடு 95 கேட்டால் 95 கொடுங்கள். அதற்குக் குறைந்ததை ஊற்றினால் நாக் சென்சார் தீ மூட்டும் நேரத்தைத் தள்ளிப்போட்டு இன்ஜினைக் காக்கும். ஆனால் பிக்கப் போய்விடும்.

6. குடும்பம், சாமான், ஏசியோடு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது தட்டல் கேட்டால், முதலில் கியரைக் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஒரு டேங்க் பிரீமியம் போட்டுப் பாருங்கள். பிறகும் கேட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், கரி படிந்திருக்கலாம்.

7. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் "நாங்க 87தான் போடுறோம்" என்றால் குழம்பாதீர்கள். அங்கே கணக்கிடும் முறை வேறு. அந்த 87 நம் 91க்குச் சமம். உள்ளூரில் தரத்தில் சந்தேகம் வந்தால், வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கலப்படப் பெட்ரோலில் பம்ப்பின் மேல் எழுதிய எண்ணுக்கு மதிப்பே கிடையாது.