சைனிக்புரிக்குக் குடிவரும் தமிழ்ப் பெற்றோருக்கு: எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

மாற்றலாகி வரும் குடும்பங்கள் வீடு தேடுவதில் காட்டும் பொறுமையில் பாதியைக்கூடப் பள்ளி தேடுவதில் காட்டுவதில்லை. மஞ்சீரா குழாய்த் தண்ணீர் வருகிறதா, போர்வெல் மட்டும்தானா, கார் நிறுத்த இடம் உண்டா என்று பத்து வீடு ஏறி இறங்குவார்கள். பிள்ளையின் பள்ளியை மட்டும், அலுவலக நண்பர் சொன்னார் என்று ஒரே மாலையில் முடித்துவிடுவார்கள். ஹைதராபாத் சைனிக்புரியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். அப்படிச் சேர்த்ததன் பலன் தசரா விடுமுறைக்குள் எனக்குத் தெரிந்துவிடும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த குழந்தை வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று தாய் வந்து நிற்பார்.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் ஈ.சி.ஐ.எல்., அணு எரிபொருள் வளாகம், ராணுவம், ஷாமீர்பேட்டைப் பக்கமுள்ள ஜீனோம் வேலி மருந்து நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்கள். மனைவிக்கோ கணவனுக்கோ ஹைடெக் சிட்டியில் வேலை இருந்தால், நகரத்தின் இரு முனைகளுக்கு நடுவே குடும்பம் இழுபடும். பள்ளித் தேர்வில் குழப்பம் தொடங்குவது பெரும்பாலும் இந்த இழுபறியில்தான்.

பக்கத்திலிருக்கும் வழக்கமான வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சைனிக்புரிக்குள்ளேயே பாரதிய வித்யா பவனின் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்யாலயா இருக்கிறது. பொல்லாரம், திருமலகிரி பக்கம் கேந்திரிய வித்யாலயாக்களும் ராணுவப் பள்ளிகளும் உண்டு. அணுசக்தித் துறை ஊழியர் பிள்ளைகளுக்கு ஈ.சி.ஐ.எல். பக்கம் அணுசக்தி மத்தியப் பள்ளி. கொஞ்சம் தள்ளி நாச்சாரத்தில் டெல்லி பப்ளிக் ஸ்கூல். இவற்றில் இடம் கிடைத்து, வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிந்தால், நீங்கள் பெரிதாகத் தவறு செய்ய வாய்ப்பில்லை. ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா, வகுப்பில் எத்தனை பேர் என்று மட்டும் விசாரித்துக்கொண்டால் போதும்.

நான் எச்சரிக்க நினைப்பது வேறொன்றை. "சார், இன்டர்நேஷனல் ஸ்கூல்ல போட்டா எந்த ஊருக்கு மாத்தினாலும் கவலை இல்லையாமே?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். இரண்டு மொழியில் சொல்லித்தருகிறார்கள், உலகத் தரம், வீட்டுப்பாடம் கிடையாது என்று அந்தப் பேச்சு நீளும். இதில் பாதி உண்மை, பாதி விளம்பரம்.

முதலில் பெயர்ப்பலகை. 'இன்டர்நேஷனல்' என்று எழுதிக்கொள்ள எந்தப் பள்ளிக்கும் தடை இல்லை. அப்படிப் பெயர் வைத்த பல பள்ளிகளில் நடப்பது அதே சி.பி.எஸ்.இ. பாடம்தான். அதில் தவறில்லை, கட்டணத்தைச் சி.பி.எஸ்.இ. கட்டணமாக வாங்கினால். உண்மையில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பள்ளியா என்று பார்க்க வேண்டுமானால், ஜெனீவாவில் 1968-ல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். தொடக்கநிலை, நடுநிலை, டிப்ளமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அங்கீகாரம். தொடக்கநிலைக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிய பள்ளி, டிப்ளமாவும் கைவசம் இருப்பதுபோல் பேசும். 'கேண்டிடேட் ஸ்கூல்' என்று போட்டிருந்தால் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். அங்கீகாரம் கிடைத்தே தீரும் என்ற உறுதி கிடையாது. கேம்பிரிட்ஜ் பள்ளிக்கும் இதே சோதனை. சேர்க்கை அலுவலகத்தில் காபி கொடுத்து உட்காரவைப்பார்கள். காபியைக் குடித்துவிட்டு, அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள்.

அடுத்தது மொழி. 'தெலுங்கு படிக்கத் தேவையில்லை, பதிலாக பிரெஞ்சோ ஸ்பானிஷோ எடுத்துக்கொள்ளலாம்' என்று சொல்லிச் சேர்க்கும் இடங்கள் உண்டு. தெலங்கானா 2018-ல் கொண்டுவந்த சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை தெலுங்கு கட்டாயப் பாடம். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ., ஐ.பி., கேம்பிரிட்ஜ் எல்லாமே அதற்குள் அடக்கம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளுக்காக 'வெண்ணெல' என்ற எளிய பாடநூலை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அரசு 2025-ல் அறிவித்தது. ஆகவே தெலுங்கிலிருந்து தப்பிக்க ஒரு பள்ளியைத் தேடுவது வீண் வேலை.

இருமொழிப் பள்ளி என்றால் என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். 1965-ல் கனடாவின் மாண்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். கணக்கும் அறிவியலும் வரலாறும் இரண்டாம் மொழியில் நடந்தால்தான் அது இருமொழிக் கல்வி. வாரத்துக்கு இரண்டு பீரியட் ஸ்பானிஷ் பாட்டு பாடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அந்த அளவுகோலை வைத்தால், 1963-ல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயாதான் நமக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலமும் இந்தியும் அங்கே பயிற்றுமொழிகள். மாற்றலில் ஊர் ஊராகப் போகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்றே உருவான அந்தப் பள்ளிகளின் கிளைகள் காத்மாண்டு, மாஸ்கோ, தெஹ்ரான் வரை உண்டு. எந்த ஊருக்கு மாற்றினாலும் கவலை இல்லை என்ற சொல் யாருக்காவது பொருந்துமென்றால் இவற்றுக்குத்தான்.

மூன்றாவது தூரம். இதைச் சொல்லும்போதுதான் எனக்கு மனசு கொதிக்கிறது. ஹைதராபாத்தின் பெயர்பெற்ற சர்வதேசப் பள்ளிகளில் பெரும்பாலானவை மேற்கே கச்சிபௌலி, கொண்டாப்பூர், மோகிலா பக்கம். 2011-ல் திறந்த ஆகா கான் அகாடமி தெற்கே விமான நிலையத்துக்கு அருகே இருக்கிறது. அங்கே விடுதி உண்டு. சைனிக்புரியிலிருந்து கச்சிபௌலி சுமார் முப்பது கிலோமீட்டர். மெட்ரோ சைனிக்புரிக்கு வரவில்லை. ஏற வேண்டுமானால் செகந்திராபாத், மெட்டுகூடா, தார்நாகா பக்கம் போக வேண்டும். காலை ஆறேகாலுக்குப் பக்கத்து ஏ.எஸ்.ராவ் நகர் முனையில் நிற்கும் பள்ளிப் பேருந்தைப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி கண்ணாடியில் சாய்ந்து தூங்குகிறது. மடியில் சாப்பிடாத இட்லி டப்பா. மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடி முடித்திருப்பார்கள். ஊர் மாறிய குழந்தைக்கு முதலில் வேண்டியது தெருவில் ஒரு கூட்டாளி. தெலுங்கும் ஹைதராபாத் இந்தியும் அந்தத் தெருவில்தான் தானாக வரும். நாளுக்கு மூன்று மணி நேரத்தைப் பேருந்துக்குக் கொடுத்துவிட்டு எந்த உலகத் தரத்தை வாங்குகிறோம்?

நான்காவது, பெற்றோரின் உள்மனக் கணக்கு. ஐ.பி.யில் சேர்க்கிறவர்களில் பலர் பத்தாவது முடிந்ததும் ஐ.ஐ.டி., நீட் என்றுதான் பேசுகிறார்கள். இரண்டும் ஒரே வண்டியில் ஓடாது. டிப்ளமாவில் ஆறு பாடங்கள், நாலாயிரம் சொல் ஆய்வுக் கட்டுரை, அறிவுக் கோட்பாடு, சமூகப் பணி என்று இரண்டு வருடமும் வேலை நிறைந்திருக்கும். மொத்தம் 45 மதிப்பெண். பட்டயம் பெறக் குறைந்தது 24 வேண்டும். எழுத்துத் தேர்வுகள் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மாதம் நடக்கும். நீட் தேர்வு வருவதும் மே முதல் வாரத்தில். டிப்ளமா முடிவு ஜூலையில்தான் வரும். சில இந்தியப் பல்கலைக்கழகங்கள் இணைச்சான்றும் கேட்கலாம். எழுதப் பிடித்த, கேள்வி கேட்டுத் துளைக்கிற, வெளிநாட்டில் படிக்கப் போகிற பிள்ளைக்கு அது அருமையான படிப்பு. பகலில் ஐ.பி.யும் இரவில் கோச்சிங்கும் என்று நடத்துவது பிள்ளையை நசுக்குவது. அப்படி நசுங்கிய பிள்ளைகள் என்னிடம் கணக்குக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு அறிவு குறைவில்லை, தூக்கம்தான் குறைவு.

அப்படியானால் யாருக்கு ஐ.பி.? இரண்டு மூன்று வருடத்தில் சிங்கப்பூரோ ஐரோப்பாவோ போவது உறுதியான குடும்பத்துக்கு. அங்கிருந்து நடுவில் திரும்பி வந்த குழந்தைக்கு. அவர்களும் பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட வேண்டும். சைனிக்புரி அவர்களுக்கு ஏற்ற இடமில்லை.

நான் தஞ்சாவூர் மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். அதனால் என் சாய்வு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, வீட்டில் தமிழ் என்ற பக்கம்தான். அந்தச் சாய்வுக்கு இந்த ஊரின் வரலாறும் துணை நிற்கிறது. 1806-ல் பிரிட்டிஷ் படைத் தளத்தைச் சுற்றி எழுந்த செகந்திராபாத்துக்கு மதராஸ் படையோடும் வியாபாரத்தோடும் தமிழர்கள் வந்தார்கள். இங்கே 1862-ல் மஹபூப் கல்லூரியைத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார். சிகாகோ போவதற்குமுன் 1893 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசிய இடம் அது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, தெருவில் உருது, பள்ளியில் ஆங்கிலம் என்று பல தலைமுறை இங்கே வளர்ந்திருக்கிறது. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகைக்கு நின்றுபாருங்கள். நான்கு மொழியும் சரளமாகப் பேசும் தாத்தாக்கள் கிடைப்பார்கள்.

தமிழ் எழுதப் படிக்க வேண்டுமென்றால் பள்ளியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சி.பி.எஸ்.இ. மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. சொல்லித்தரும் பள்ளி இங்கே கிடைப்பதுதான் அரிது. தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் அடிப்படைநிலையிலிருந்து சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. இரவில் அரை மணி நேரம் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் குழந்தை ஒரே வருடத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துவிடும்.

மாற்றல் உங்கள் கையில் இருந்தால், ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே வந்துவிடுங்கள். சி.பி.எஸ்.இ.யில் பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதிலும் பதினொன்றிலும் நடக்கிறது. பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ நேரடியாகச் சேர்வதற்குக் கட்டுப்பாடு அதிகம். தெலங்கானா மருத்துவ இடங்களுக்கு உள்ளூர்த் தகுதி பார்ப்பதும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்தார்களா என்பதை வைத்துத்தான். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், பூர்விகச் சான்று முதலான தாள்களை ஊரிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

பள்ளி எதுவானாலும் முதல் வருடம் மதிப்பெண் இறங்கும். ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் பிரித்துக் காட்டினார்: புது மொழியில் பேச்சு இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடம் படிக்கும் அளவு தேர்ச்சிக்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்று. பிள்ளை தெலுங்கில் கடைக்காரரிடம் பேரம் பேசுகிறது, தேர்வில் மட்டும் ஏன் முப்பது மதிப்பெண் என்று அடிக்காதீர்கள். அது இயல்பு. எந்தப் பாடத்தில் கேட்காமலே உட்காருகிறது, எந்தப் பொம்மையைப் பிரித்துப் பார்க்கிறது, யாரோடு சேருகிறது என்று கவனியுங்கள். உடன் வேலை பார்ப்பவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்பது உங்கள் பிள்ளையின் நாட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் காலை, பிள்ளையோடு அந்தப் பள்ளிக்குப் போய்வரும் வழியைப் போக்குவரத்து நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். சேர்த்த பிறகு, குறைந்தது இரண்டு வருடம் அங்கேயே விட்டுவையுங்கள்.