குதிரைமேலிருந்து வாள் வீசுதலின் அருமை

சென்ற கோடை விடுமுறையில் ஓசூரிலுள்ள என் தமையனார் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தேன். அவர் புதல்வன் அவ்வூர்த் தொழிற்சாலையொன்றில் வேலை செய்பவன். ஒருநாள் இரவுமுறை வேலை முடிந்து வந்தும் உறங்காது, கணினியின்முன் அமர்ந்து ‘மவுண்ட் அண்ட் பிளேட்’ என்னும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். துருக்கி நாட்டார் அமைத்து 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்விளையாட்டில், ஆடுவோன் இடைக்கால வீரனொருவனாகிக் குதிரையேறிப் போர் புரிகின்றான். ஈட்டி பிடித்தபோது ஒருவாறு வென்றவன், வாளை உருவியதும் வீச்செல்லாம் வெறுங்காற்றிற் போகக் கண்டு, “சித்தப்பா, இதைச் செய்தவர்களுக்குக் கணக்கே தெரியவில்லை” என்று சலித்துக்கொண்டான். அக்கணக்கை நாமே இட்டுப் பார்ப்போம் என்றேன்.

முழுப்பாய்ச்சலில் ஓடும் குதிரை மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர், அஃதாவது விநாடிக்கு 11 மீட்டர் செல்லும். எதிரியும் அவ்வேகத்தில் வருவானாயின், இருவர்க்கும் இடைப்பட்ட தூரம் விநாடிக்கு 22 மீட்டர் குறையும். கையும் வாளும் எட்டுமிடம் முன்னும் பின்னுமாக 2 மீட்டர் என்று கொண்டால், எதிரி அவ்வெல்லையுள் நிற்குங் காலம் விநாடியிற் பத்திலொரு பங்குதானும் இல்லை. கண் கண்டதைக் கை செய்யத் தொடங்குதற்கே அதனினும் இரு மடங்கு காலம் வேண்டும்! ஆகவே எதிரி அருகில் வந்தபின் வீசுவோன் தவறுதல் திண்ணம். அவன் வரப்போகுமிடத்தை முன்னரே கருதி வீசுவோனுக்கே வாள் பயன்படும். இதனோடு, குதிரையின் கழுத்து முன்னே மறைக்கின்றது. இடக்கை கடிவாளத்திற் சிக்கியுள்ளது. இடப்புறம் வரும் எதிரியை எட்டுதற்கு வலக்கைக்காரன் உடலையே முறுக்கவேண்டும்.

ஈட்டிக்கு இத்தொல்லை குறைவு. அக்குளில் இடுக்கி நீட்டிய ஈட்டியை வீசவேண்டுவதில்லை. குதிரையின் வேகமே குத்தாகின்றது. அங்கவடியும் சேணமும் வீரனை இருக்கையில் நிறுத்த, அவன் செய்யவேண்டுவது குறி தவறாமை ஒன்றே.

வாளுக்கு எளிதாவது எப்பொழுது? எதிரி முதுகு காட்டி ஓடும்பொழுது. அப்பொழுது இரு வேகங்களும் கூடுவதில்லை, ஒன்றிலிருந்து மற்றொன்று கழிகின்றது. துரத்துவோன் குதிரையைத் தன் விருப்பம்போல் அடக்கி, ஓடுவோனுக்கு அருகே இணங்கச் செலுத்தி, நிதானமாக வெட்டலாம். பையனும் இதனை ஒப்புக்கொண்டான். அவன் வாளுக்கு இரையானோரிற் பெரும்பாலார் ஓடுகின்றவர்களே.

இவ்வெல்லைப்புறம் இதனை மெய்யாகவே கண்டிருக்கின்றது. 1767-ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் சேனை மலைக்கணவாய்களின் வழியே இறங்கிக் கிருஷ்ணகிரிக்கு அண்மையிலுள்ள காவேரிப்பட்டணத்தைப் பற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் மாதம் செங்கத்தில் கர்னல் ஸ்மித்தின் காலாட்படை அணிகுலையாது நின்றமையால், பெருந்திரளான குதிரைப்படை இருந்தும் ஹைதருக்கு வெற்றி கிட்டவில்லை. பதின்மூன்றாண்டு கழித்து, 1780 செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்து அணி குலைந்தது, குதிரைவீரர் உட்புகுந்தனர், அச்சேனை அழிந்தது. குதிரையும் வாளும் முன்போலவே இருந்தன. எதிர்நின்ற அணியே வேறுபட்டது.

இங்கே நம் இலக்கணநூலாரை நினையாதிருக்க முடியவில்லை. புறப்பொருள் வெண்பாமாலையுள் ‘தழிஞ்சி’ என்றொரு துறையுண்டு. புறங்கொடுத்தோர்மேற் படை ஓச்சாமை அது. குதிரைவீரனுக்கு எது மிக எளிதோ அதனையே செய்யாது விடுதலைப் பெருவீரமாக வைத்தனர். படிக்கும் காலத்தில் இதனை வெறும் மரபென்றே எண்ணியிருந்தேன். கணக்கிட்டபின்னரே அத்துறையின் கனம் எனக்கு விளங்கிற்று.

மாலையில் இருவரும் மத்திகிரிப் பக்கம் உலாவச் சென்றோம். அங்குள்ள கால்நடைப் பண்ணை, 1824-ஆம் ஆண்டில் கும்பினியார் தம் சேனைக்குக் குதிரைகள் வேண்டி ஏற்படுத்தியது. நிரைத்து நீட்டிய ஈட்டிகளின்மேல் எக்குதிரையும் தானாகப் பாயாது. ஆரவாரத்துக்கு அஞ்சாமையையும் பழக்கித்தான் உண்டாக்கவேண்டும். விளையாட்டில் ஈட்டி முனைப்பட்ட குதிரை முன்கால் தூக்கி நின்றுவிடுகின்றதென்று பையன் குறைகூறியிருந்தான். குதிரையின் பக்கமே நியாயம் என்றேன். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துத் தூண்களிலும் குதிரைகள் முன்கால் தூக்கியே நிற்கின்றன. அவற்றின்கீழ்க் காலாட்கள் துணைநின்று பொருகின்றனர். சிற்பி குதிரைவீரனைத் தனியே விடவில்லை.

விளையாட்டிலும் ஒரு பொய் உண்டு. அங்குள்ள குதிரைக்கு அச்சமும் இல்லை, இளைப்பும் இல்லை. எவ்வளவு நேரம் ஓட்டினும் மூச்சு வாங்குவதில்லை. ஆதலின் உண்மைப் போர் அதனினும் கடினமாகவே இருந்திருக்கும்.

அன்றிரவு வேலைக்குப் புறப்படுமுன் அவன் மீண்டும் ஆடினான். பாய்ச்சலைக் குறைத்து, எதிரி எட்டுமுன்னரே வாளை ஓங்கினான். பத்து வீச்சில் மூன்று பட்டன. “நாலாவது குதிரையின்மேல் பட்டது, சித்தப்பா, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?” என்று கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினான்.