ஓடாத காருக்கு எண்ணெய் மாற்றுவது எப்போது?

மும்பையில் கார் வைத்திருப்பவர் பலர். அதை நாள்தோறும் ஓட்டுபவர் சிலர். மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம்மவர் வீடுகள் பலவற்றில் அலுவலகத்துக்கு மின்சார ரயில். கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே கார். ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிகள் எத்தனையோ உண்டு. அவற்றின் சொந்தக்காரர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். "வண்டிதான் ஓடவில்லையே, ஆயில் எப்படிக் கெடும்?" என்பது ஒரு கட்சி. "மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்" என்பது மறு கட்சி. முன்னவர் எஞ்சினை இழக்கலாம். பின்னவர் பணத்தை இழப்பது உறுதி. உண்மை எங்கே உள்ளது என்பதை, நாம் வகுப்பில் பயிலும் வேதியியலைக் கொண்டே ஆராய்வோம்.

எண்ணெயின் பணி

எஞ்சின் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, கரியையும் தூளையும் கழுவித் தன்னுள் தாங்கிக்கொள்கிறது, அமிலத்தை முறிக்கிறது, துருவைத் தடுக்கிறது. இதற்காக அடிப்படை எண்ணெயில் பலவகைச் சேர்க்கைப் பொருள்கள் கலக்கப்படுகின்றன. அவற்றுள் கால்சியம் போன்ற உலோகங்களைக் கொண்ட காரப் பொருள்கள் அமிலத்தை எதிர்த்துத் தாமே செலவழிந்து போகின்றன. எண்ணெய் கெடுகிறது என்றால், பெரும்பாலும் இச்சேர்க்கைகள் தீர்ந்துவிட்டன என்றே பொருள். அடிப்படை எண்ணெயோ நமக்கு அயலானதன்று. செம்பூரை அடுத்த மாகுலில், 1954-இல் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கி, இன்று இந்துஸ்தான் பெட்ரோலியம் நடத்தும் ஆலையில் அது பெருமளவில் தயாராகிறது.

பகைவன் யார்?

"மும்பையின் மழைக்காலம் பொல்லாதது, ஈரக்காற்று எஞ்சினுள் புகுந்து எண்ணெயைக் கெடுத்துவிடும்" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில், ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 30 கிராம். எஞ்சினின் அடிப்பகுதியில் ஐந்து லிட்டர் வெற்றிடம் இருப்பதாகக் கொள்வோம். அதில் அடங்கும் நீராவி 0.15 கிராம், அதாவது மூன்று சொட்டு. காற்று பலமுறை மாறினாலும் இது பெரும்பகை ஆகாது.

இனி மற்றொரு கணக்கு. பெட்ரோலை ஆக்டேன் எனக் கொண்டால், 114 கிராம் எரியும்போது 162 கிராம் நீர் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைத் தருகிறது என்பது வியப்பான உண்மை! சி.என்.ஜி.யில் இது இன்னும் மிகுதி. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் 2.25 கிலோ நீர். இதில் மிகப் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. ஆனால் ஒரு சிறு பகுதி, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாக எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. அதனுடன் எரியாத பெட்ரோலும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் இறங்குகின்றன. எண்ணெய் 90, 100 டிகிரிக்குச் சூடாகி அந்நிலையில் சற்று நேரம் ஓடினால் நீரும் பெட்ரோலும் ஆவியாகி நீங்கும். சூடேறுமுன்பே எஞ்சினை நிறுத்தினால் நீர் தங்குகிறது, அமிலம் பிறக்கிறது, காரச் சேர்க்கை கரைகிறது.

ஆகவே, பகைவன் ஓடாத கார் அன்று. அரைகுறையாக ஓடும் கார்.

தாராவியில் கண்ட சான்று

2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, என் தந்தையாரின் சி.என்.ஜி. டாக்சி தாராவித் தொண்ணூறடிச் சாலையில் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றது. நிற்பதற்கு முந்தின நாள்வரை அது நாள் முழுவதும் ஓடிய வண்டி. அதற்கு அடுத்து நின்ற டாக்சியின் சொந்தக்காரர், பாட்டரி இறங்காதிருக்க, நாள்தோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்திவந்தார். வண்டிகள் மீண்டும் கிளம்பும் வேளையில், திருநெல்வேலியிலிருந்து வந்து அங்கே தொழில் செய்யும் மெக்கானிக் அண்ணாச்சி இரண்டையும் திறந்து பார்த்தார். அடுத்த வண்டியின் ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர்போல் வெண்மையான பசை படிந்திருந்தது. எங்கள் வண்டியில் அது இல்லை. "உங்க வண்டி சூடா ஓடி நின்னது, கணக்குப்படி கிலோமீட்டர் வர்றவரை ஓட்டுங்க. அவருக்குத்தான் இப்பவே மாத்தணும்" என்றார். வருமானமில்லாத அந்த நாளில் எண்ணெய்ச் செலவு மிஞ்சியது எங்கள் வீட்டுக்கு அரிசி ஆயிற்று. அண்ணாச்சி அனுபவத்தால் கண்டதற்கு வேதியியல் காரணம் கூறுகிறது, அவ்வளவே.

எப்போது மாற்றுவது?

நம் நாட்டுப் பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடு, "10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அது" என்கிறது. இதை வைத்துக்கொண்டு நால்வகையாகப் பிரிக்கலாம்.

1. ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டரே ஓடினாலும், ஒவ்வொரு முறையும் 25, 30 கிலோமீட்டர் ஓடும் கார்: ஆண்டுக்கு ஒரு முறை போதும். மூன்று மாதக் கணக்கு வீண்.

2. சந்தைக்கும் பள்ளிக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார்: இது கடின உபயோகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நன்று.

3. சொந்த ஊருக்கோ வெளிநாட்டுக்கோ செல்வோர் பல மாதம் நிறுத்திவைக்கும் கார்: திரும்பி வந்தபின் அன்று, புறப்படுமுன் மாற்ற வேண்டும். அமிலமேறிய பழைய எண்ணெய் உலோகத்தின்மேல் தங்கியிருப்பதே தீங்கு. வடிகட்டியையும் மாற்றி, புது எண்ணெய் எங்கும் பரவும்படி நன்கு சூடாக ஓட்டி நிறுத்துக.

4. உத்தரவாதக் காலத்திலுள்ள கார்: எவ்வளவு குறைவாக ஓடினாலும் கையேட்டின் தேதியைத் தவறவிடலாகாது.

எண்ணெய் கறுத்துவிட்டது என்று அஞ்ச வேண்டா. கரியைத் தாங்கித் தன் வேலையைச் செய்கிறது என்பதே அதன் பொருள். அளவுகோலில் எண்ணெய் மட்டம் கூடியிருந்தாலும், மூடியில் வெண்பசை இருந்தாலும்தான் கவனம் தேவை. பசை மூடியில் மட்டும் மெல்லியதாக இருந்தால், முதலில் ஒரு நெடும் ஓட்டம் ஓட்டிப் பார்க்கலாம். நீங்காவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுக. குளிர்நீர் கசிவதாலும் அது வரக்கூடும்.

நாள்தோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை நின்ற இடத்தில் உறுமவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலையில், செம்பூரிலிருந்து கிழக்கு விரைவுச்சாலை வழியே ஆரஞ்சு கேட் வரை சென்று திரும்புங்கள். போக வர 25 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். எண்ணெய்க்கும் பாட்டரிக்கும் டயருக்கும் அது ஒருசேர மருந்து.

பழைய எண்ணெய்

இறக்கிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது பெருந்தவறு. நம் பகுதிச் சாக்கடைகள் மித்தி ஆற்றிலும் மாகிம் விரிகுடாவிலும் சேர்கின்றன. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. அதை மீண்டும் சுத்திகரித்து அடிப்படை எண்ணெயாக்கலாம். அதற்கான பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் தயாரிப்போர்மீதும் சுமத்தப்பட்டுள்ளது. ஆகவே, "இந்தப் பழைய ஆயில் எங்கே போகிறது?" என்று பட்டறையில் கேளுங்கள்.

நண்பர்களே, விடுமுறைக்கு வீட்டுக்குச் செல்லும்போது உங்கள் வீட்டிலோ அண்டைவீட்டிலோ நிற்கும் காரின் கையேட்டைப் புரட்டுங்கள்; கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியை ஓர் அட்டையில் எழுதி வண்டியில் மாட்டுங்கள். பெரியவர்களுக்குக் காரணத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.