மாத்திரையை மெல்ல விடு, கதிர்

அன்புள்ள கதிருக்கு,

அத்தை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது பக்கத்தில் உன் அம்மா இருந்ததால் நீயும் முழுசாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி சுர்ரென்று ஓடுகிறது, நடந்தால் தரை நகர்கிறது, ராத்திரி முழுக்கக் கண்டபடி கனவு, ஆபீசில் யாரோ சாதாரணமாக ஏதோ கேட்டதற்கு அழுகை வந்துவிட்டது, அம்மாவிடம் எரிந்து விழுகிறாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "பழையபடி வந்திருச்சு போல அத்தை, இனி காலம் பூரா மாத்திரைதான்" என்றாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய நோய் திரும்பிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டாதே. நடந்ததை வரிசையாகப் பார். மனச்சோர்வுக்காக இரண்டு வருஷமாக எஸ்சிட்டலோபிராம் மாத்திரை 20 மில்லிகிராம் போட்டு வந்தாய். நிறுத்திய நாள் வரை நன்றாக இருந்தாய், வேலைக்குப் போனாய், சிரித்தாய். ஒரே நாளில் விட்டாய். மூன்றாம் நாள் தலைசுற்றல் ஆரம்பித்தது. ரத்தத்தில் இந்த மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும்; மூன்றாம் நாளுக்குள் ஐந்தில் நான்கு பங்கு போயிருக்கும். மனச்சோர்வு திரும்பினால் பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில், மெல்ல மெல்லத்தான் ஏறும். இன்னொன்றையும் யோசி. முதன்முதலில் நீ எழுந்திருக்கவே மனசில்லாமல் படுத்துக் கிடந்தாயே, அப்போது தலைக்குள் ஷாக் அடித்ததா? இல்லையே. நோயில் இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது என்றால், அது பெரும்பாலும் மருந்தைத் திடீரென்று விட்டதன் விளைவு.

அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று வருஷக்கணக்காக மாத்திரை கொடுத்தவள் நான். ஊர்த் திருவிழாவுக்குப் போனவர்கள், பேறுகாலத்துக்கு மகள் வீட்டுக்குப் போனவர்கள், மாத்திரை அட்டையை எடுத்துப்போக மறந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். காலி அட்டையை நீட்டிக்கொண்டே, "தலைக்குள்ள சுர்ருனு இழுக்குதும்மா, காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்பார்கள். நீ போனில் சொன்ன அதே சொல். ஒருவருக்கொருவர் முன்பின் அறியாதவர்கள் ஒரே மாதிரி சொல்வதைக் கேட்டவள் என்பதால் சொல்கிறேன், இது உன் கற்பனை இல்லை, மனபலக் குறைவும் இல்லை.

செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை இந்த மருந்து தடுக்கிறது. இரண்டு வருஷத்தில் மூளையும் குடலும் தூக்கமும் அந்தத் தடைக்கு ஏற்றபடி தங்களைப் பழக்கிக்கொண்டன. தடையை ஒரே நாளில் எடுத்துவிட்டால் அவை தடுமாறத்தான் செய்யும். போதைப் பழக்கம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. போதைக்கு அடிமையானவன் அதைத் தேடி அலைவான், அளவைக் கூட்டிக்கொண்டே போவான். உனக்கு அந்த ஏக்கம் ஒருநாளும் இருந்ததில்லை.

எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, நிறுத்துபவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஏதாவது தொந்தரவு வருவதாகச் சொல்கிறது. வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் ஆறில் ஒருவர் அதையே சொன்னார்கள். அதைக் கழித்துப் பார்த்தால் மருந்தால் மட்டுமே வருவது நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு. வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இது கூடுதலாக, நீண்ட நாள் இருக்கலாம். ஓரிரு வாரத்தில் போய்விடும் என்றுதான் முன்பு டாக்டர்கள் சொல்வார்கள். சிலருக்கு மாதக்கணக்கில் நீள்கிறது என்பதை 2019இல் பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸே ஒப்புக்கொண்டது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் டாக்டரைப் போய்ப் பார். சொல்லாமல் நிறுத்திவிட்டேன், திட்டுவாரே என்று தயங்காதே. என்றைக்கு நிறுத்தினாய், என்றைக்கு எது ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. பெரும்பாலும் மருந்தை மறுபடி தொடங்கச் சொல்வார். பலருக்குச் சில நாளிலேயே தலைசுற்றல் அடங்கிவிடும். அப்படி அடங்கினால் நோய் திரும்பவில்லை என்பதற்கு அதுவே நல்ல அடையாளம். எந்த அளவில் தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும், நீயாக 20 மில்லிகிராமை எடுத்துப் போட்டுவிடாதே.

பிறகு மெல்லக் குறைக்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வழக்கமான குறைந்த அளவே மூளையில் செரோட்டோனினைத் திரும்ப எடுக்கும் வாயில்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடைத்துவிடுகிறது. அதனால் இருபதைப் பத்தாக்கும்போது மூளைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஐந்திலிருந்து பூஜ்யத்துக்குப் போவதுதான் பெரிய இறக்கம். ஒரு கிணற்றில் மேல்படிகள் தாழ்வாகவும் அடிப்படிகள் ஆள் உயரத்துக்கும் இருந்தால் எப்படி, அந்த மாதிரி. மார்க் ஹொரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2019இல் இதை விளக்கி எழுதினார்கள்; ஹொரோவிட்ஸ் தாமே இவ்வகை மருந்தை நிறுத்தும்போது அவதிப்பட்டவர். ஆகவே கடைசி 5 மில்லிகிராமுக்கு மட்டும் சில மாதங்கள் ஆனாலும் பொறுமையாக இரு. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது நம் ஊரில் சகஜம், அதைச் செய்யாதே. ரத்தத்தில் மருந்து ஏறி ஏறி இறங்கும், தினமும் தொந்தரவுதான். தினமும் போடு, அளவைக் குறை.

தலைசுற்றல் இருக்கும்வரை பைக்கைத் தொடவே கூடாது. பஸ்ஸில் போ, இல்லாவிட்டால் ஆட்டோ பிடி. தூக்கம் வரவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் அல்பிரஸோலம் கேட்டு வாங்காதே, அதை விடுவது இதைவிடக் கஷ்டம். குடி வேண்டாம். சாயங்காலம் காபியை விட்டுவிடு, வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் நட. அழுகை வந்தால் அழு. இது அலை அலையாய் வரும், போகும். அந்த நேரத்தில் வேலையை விடுவது, யாருடனாவது உறவை முறிப்பது மாதிரி எந்த முடிவும் எடுக்காதே.

செத்துப் போகலாம் என்ற நினைப்பு வந்தாலோ, ஓரிடத்தில் உட்காரவே முடியாமல் உடம்பு தவித்தாலோ, நாள்கணக்கில் தூங்காமலும் களைப்பே தெரியாமலும் இருந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதே. அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போ, எனக்கும் போன் பண்ணு, எந்த நேரமானாலும். டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழில் பேசலாம்.

நிறுத்தியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். பெண் பார்க்கிறார்கள், "அந்தத் தூக்க மாத்திரையைக் கல்யாணத்துக்கு முன்னாடி விட்டுரு" என்று வீட்டில் சொன்னார்கள். அது தூக்க மாத்திரை இல்லை என்று உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மருந்தை விட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நன்றாகத் தேறி, விட விரும்பியவர்களை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடத்தி 2021இல் வெளியிட்டார்கள். விட்டவர்களில் நூற்றுக்கு 56 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 பேருக்கு. விட்டவர்களில் 44 பேர் நன்றாகவே இருந்தார்கள், நீயும் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். ஆனால் எப்போது விடுவது என்பதை நீயும் டாக்டரும் முடிவு செய்யுங்கள், முகூர்த்த நாள் முடிவு செய்யக் கூடாது. வரப்போகும் பெண்ணிடம் மறைக்கவும் வேண்டாம். இதைக் கேட்டு எழுந்து போகிற சம்பந்தம் போகட்டும்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் டாக்டரிடம் நேரம் வாங்கு. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை