நம் ஊருக்கு என்ன வைத்திய சேவை வேண்டும்? தேற்றாத்தீவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புது வார்ட் வேண்டும்" என்று மனு எழுதுவது எளிது. அங்கே யார், என்ன நோய்க்கு, எத்தனை நாள் தங்குவார்கள் என்று கேட்டால்தான் தடுமாறுவோம். சுகாதாரத் திட்டம் ஆட்களில் தொடங்க வேண்டும். கட்டடம் கடைசியில்தான் வர வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், இளைஞர் கழகம் என யாரும் இதைச் செய்யலாம். வாருங்கள், மட்டக்களப்பு மாவட்டத்தின் தேற்றாத்தீவை உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் போவோம்.

எது எங்கே?

வீட்டுக்கு மிக அருகில் இருப்பவர்கள் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். கர்ப்பிணித் தாய், தடுப்பூசி, டெங்கு எல்லாம் இவர்கள் பொறுப்பு. அடுத்தது, காய்ச்சலுக்கும் பிரஷருக்கும் மருந்தெடுக்கும் சிறிய வைத்தியசாலைகள். அதற்கு மேல் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. கடைசியாக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை.

போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் உள்ளது. மற்றவற்றுக்கு மாகாண நிர்வாகம் பொறுப்பு. கோரிக்கையை யாரிடம் கொடுப்பது என்பதை இதை வைத்தே முடிவுசெய்வோம்.

படி 1: ஆட்களை எண்ணுவோம்

கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக மக்கள் தொகையைப் பிரதேச செயலகத்தில் கேட்போம். 2012 குடிசனக் கணக்கு பழையது. 2024 குடிசன மதிப்பீட்டின் விபரங்களைத் தேடுவோம். ஐந்து வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், 35 வயதைத் தாண்டியோர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று பிரித்து எழுதுவோம்.

தேற்றாத்தீவோடு நிறுத்தாமல் அயலூர்களான செட்டிபாளையம், களுதாவளை ஆகியவற்றையும் சேர்ப்போம். ஒரு சேவையைப் பல ஊர்கள் பயன்படுத்தும். தேற்றாத்தீவுப் புனித யூதாததேயு திருத்தலத் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் வருவதையும் குறிப்போம்.

படி 2: பாதையைப் பார்ப்போம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கம் இருக்கும் எழுவான்கரைக்குப் பிரதான வீதியும் பஸ்ஸும் உண்டு. மேற்கே இருக்கும் படுவான்கரை மக்களோ வாவியைக் கடந்து வர வேண்டும். 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் பயணத்தை எளிதாக்கியது. ஆனாலும் மாரி வெள்ளத்தில் உள்வீதிகள் மூழ்கினால் பாலம் மட்டும் போதாது. ஆகவே தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாமல், கோடையில் எத்தனை நிமிடம், மாரியில் எத்தனை நிமிடம் என்று எழுதுவோம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்துசேரும் நேரத்தையும் அப்படியே குறிப்போம்.

தடை பாதை மட்டும்தானா என்று அறிய, ஒரு முதியவரின் கிளினிக் புத்தகத்தை, அவர் சம்மதித்தால், புரட்டிப் பார்ப்போம். மாதாமாதம் விழும் திகதி முத்திரை, பெரும்போக அறுவடைக் காலத்தில் விடுபட்டிருக்கலாம். அங்கே குறை மருந்தில் இல்லை, கிளினிக் நாளில்தான்.

படி 3: கணக்குப் போடுவோம்

உதாரணத்துக்கு, மாதம் ஒருமுறை வர வேண்டிய நீரிழிவு, பிரஷர் நோயாளர் 200 பேர் என்று வைப்போம். வாரம் ஒரு கிளினிக் என்றால் நாளுக்கு 50 பேர். ஒருவருக்கு 6 நிமிடம் கொடுத்தால் 300 நிமிடம், அதாவது ஒரு வைத்தியருக்கு ஐந்து மணி நேர வேலை.

கட்டிலுக்கும் இதே வழிதான். ஆண்டுக்கு 2,000 பேர், சராசரி 3 நாள் தங்கினால் 6,000 கட்டில்-நாள். 365ஆல் வகுத்தால் 16 கட்டிலுக்குச் சற்று மேல். திடீர்க் கூட்டத்துக்கு இடம் விட்டு 20 என்று கேட்கலாம். கேட்கும் எண்ணுக்குக் காரணம் இருந்தால் அதிகாரியும் காது கொடுப்பார்.

எவ்வளவு செலவாகும்?

நமக்கு ஆவது பஸ் காசும் போட்டோக்கொப்பிச் செலவும்தான். சேவைக்கான செலவை மலிவிலிருந்து அடுக்குவோம். கிளினிக் நாளை மாற்றப் பெரிய செலவில்லை. அடுத்து மருந்தும் கருவியும். பிறகு ஆளணி. கட்டடம் கடைசி. கட்டுவது ஒருமுறைச் செலவு. தாதி, மருந்து, மின்சாரம் ஆண்டுதோறும் வரும் செலவு. இரண்டையும் தனித்தனியாக எழுதுவோம்.

கவனம்!

வைத்தியசாலைப் பதிவேட்டில் வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். வராதவர்களை வீட்டில்தான் காணலாம். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நீரிழிவு, பிரஷர் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோவது இதனால்தான்.

எல்லாச் சேவையும் எல்லா ஊரிலும் வேண்டாம். சிக்கலான பிரசவத்துக்குச் சத்திரசிகிச்சைக் கூடமும் மயக்க மருந்து வைத்தியரும் இரத்த வங்கியும் வேண்டும். அவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, அங்கே போக வாகனம் கேட்பதே பாதுகாப்பு.

நோயாளியின் பெயரும் நோயும் எந்தத் தாளிலும் சேர்ந்து வரக் கூடாது.

கையில் எடுத்துக்கொண்டு போவோம்

இரண்டு பக்கம் போதும்: எத்தனை பேர், என்ன தேவை, எவ்வளவு நேரப் பயணம், எவ்வளவு செலவு. முதலில் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்டித் திருத்துவோம்; பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்குக் கொடுப்போம். ஆண்டுக்கொருமுறை எண்களைப் புதுப்பித்து, கேட்டதில் எது வந்தது, யாருக்குப் பயன்பட்டது என்று ஊர்க்கூட்டத்தில் வாசிப்போம். அடுத்த ஆண்டுத் திட்டத்தை அந்தக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.