ரப்பர் மரத்துக்கு யார் சொந்தம்?

மரவள்ளி, ஆமணக்கு, பப்பாளி ஆகிய மூன்று செடிகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றின் இலைகளும் விரித்த கையைப் போல இருக்கும். மரவள்ளியையும் பப்பாளியையும் கீறினால் வெள்ளைப் பால் வடியும். ஆமணக்கில் அப்படி வடியாது. இப்போது சொல்லுங்கள்: இம்மூன்றில் எவை இரண்டும் நெருங்கிய சொந்தம்?

பாலை வைத்துப் பார்த்தால் மரவள்ளியும் பப்பாளியும் என்றுதான் தோன்றும். சரியான விடை மரவள்ளியும் ஆமணக்கும்! அவற்றின் காயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் காரணம் புரியும். இரண்டிலும் மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. ரப்பர் காயும் இதே அமைப்புதான். இவை மூன்றும் யூஃபோர்பியேசி எனப்படும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பப்பாளிக் காயிலோ ஒரே அறை, அதில் ஏராளமான விதைகள். பப்பாளியின் நெருங்கிய சொந்தம், நாம் குழம்பில் போடும் முருங்கை!

வகைப்பாடு என்றால் என்ன?

ஒரு தாவரத்துக்கு உரிய இடத்தைக் கண்டுபிடிப்பதே வகைப்பாடு. உலகம், தொகுதி, வகுப்பு, துறை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிப்படியாக அது இறங்கி வரும். கடைசி இரண்டு படிகளும் சேர்ந்ததே அறிவியல் பெயர். ரப்பர் மரத்தின் பெயர் ஹீவியா பிரேசிலியென்சிஸ். இதில் ஹீவியா பேரினம்.

இந்த இரு சொல் பெயர் முறையைத் தாவரங்கள் அனைத்துக்கும் பயன்படுத்தி, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753இல் ஒரு நூல் வெளியிட்டார். பூவிலுள்ள மகரந்தத்தாள்களை முக்கியமாகக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார். எண்ணிப் பார்க்க எளிதான முறை அது. ஆனால் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு செடிகள் சொந்தமாகிவிடா. ஒரே மூதாதையிலிருந்து வந்தவையே சொந்தம். இன்றைய வகைப்பாடு தேடுவது அந்த வம்சாவளியைத்தான்.

ஆய்வாளர்களைத் திணறடித்த பூ

1818இல் சுமத்ராவுக்குச் சென்ற ராஃபிள்ஸ் குழுவில் ஜோசப் அர்னால்ட் என்ற மருத்துவர் இருந்தார். உடன் வந்த மலாய்ப் பணியாளர் ஒருவர் காட்டில் ஒரு விந்தைப் பூவை அவருக்குக் காட்டினார். அதன் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர். இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை. அதுதான் ரஃப்ளேசியா. மலாயில் இதை பூங்கா பக்மா என்பார்கள். பத்மம், அதாவது தாமரை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆனால் தாமரைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது.

டெட்ராஸ்டிக்மா என்னும் காட்டுக்கொடியின் உள்ளே இழைகளாகப் பரவி, அதன் உணவை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி ரஃப்ளேசியா. ஒப்பிட்டுப் பார்க்க இலையோ தண்டோ இல்லாததால், அதை எந்தக் குடும்பத்தின் அருகில் வைப்பது என்று நெடுங்காலம் தெரியவில்லை. மரபணுவும் எளிதில் கைகொடுக்கவில்லை. தாவர உறவை அறிய ஆய்வாளர்கள் வழக்கமாக நாடுவது பசுங்கணிகத்தில் உள்ள மரபணுக்களை. ரஃப்ளேசியா ஒளிச்சேர்க்கை செய்வதில்லை. ஆகவே அந்த வழி அடைபட்டது. போதாக்குறைக்கு, அதன் மரபணுக்களில் சில அந்தக் கொடியிடமிருந்து வந்து சேர்ந்தவை. அவற்றை மட்டும் நம்பினால் கொடியையே அதன் சொந்தம் என்று எண்ணிவிடுவோம்.

பல மரபணுக்களைச் சேர்த்து ஆராய்ந்த பிறகே 2007இல் விடை வெளியானது. ரஃப்ளேசியா ஆமணக்குக் குடும்பத்தின் வம்சாவளியில் வந்தது! இன்று அதைத் தனிக் குடும்பமாக வைத்தாலும், ரப்பர் மரம் இருக்கும் மால்பிகியேல்ஸ் துறையில்தான் அதுவும் இருக்கிறது. சில மில்லிமீட்டர் அளவே உள்ள ரப்பர் பூவும், உலகின் மிகப் பெரிய பூவும் சொந்தக்காரர்கள்.

தெரிந்து என்ன பயன்?

சொந்தம் தெரிந்தால் குணத்தை ஊகிக்கலாம். ஆமணக்குக் குடும்பத்தில் பல செடிகளுக்கு நச்சு உண்டு. ஆமணக்கு விதை உயிரைப் பறிக்கும். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அக்குடும்பத்தில் புதிதாக ஒரு செடியைக் கண்டால், தொடும் முன்பே எச்சரிக்கையாக இருப்போம்.

ஒன்றைக் காப்பாற்றவும் இந்த அறிவு வேண்டும். ரஃப்ளேசியா பேராக், சபா, சரவாக் காடுகளில் பூக்கிறது. மொட்டு விரியப் பல மாதங்கள் ஆகும்; விரிந்த பூ ஒரு வாரத்துக்குள் அழுகிவிடும். பூவுக்கு மட்டும் வேலி போட்டால் போதாது. பெயர்கூடத் தெரியாமல் அந்தக் கொடியை ஒருவர் வெட்டினால், அதனுள் வாழும் ரஃப்ளேசியாவும் சேர்ந்து அழியும்.

செய்து பாருங்கள்

குப்பைமேனி, மரவள்ளி, ரப்பர் காய்களில் கிடைப்பதை ஆசிரியர் உதவியுடன் குறுக்கே வெட்டி, அறைகளை எண்ணி வரையுங்கள். கையுறை அணியுங்கள், எதையும் வாயில் வைக்காதீர்கள். பிறகு ஒரு பப்பாளியை வெட்டி, உங்கள் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.