பங்குனி வெயிலும் தலையணைப் பஞ்சும்

இலவங்காய் முற்றி வெடித்துப் புதுப்பஞ்சு விற்பனைக்கு வருவதும், வெயில் ஏறத் தொடங்குவதும் பங்குனி, சித்திரையில் ஒன்றாக அமைவதால், காஞ்சிபுரம் மாவட்டத்து ராஜகுளம் போன்ற சிற்றூர்களில் தலையணைகளைப் பிரித்துப் பார்க்கவும், காய வைக்கவும், தேவையானால் மாற்றவும் இதுவே உரிய காலம். இப்பணியை ஐப்பசி வரை தள்ளிப்போட்டால், வடகிழக்குப் பருவமழையின் ஈரம் பஞ்சுக்குள் ஏறிவிடும். பின்னர் அதை உலர்த்துவது எளிதன்று.

ஈரத்தை அஞ்சுவதற்கு முதற் காரணம் தூசிப்பூச்சி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள இவ்வுயிர், மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று, தனக்கு வேண்டிய நீரைக் காற்றின் ஈரப்பதத்திலிருந்தே பெறுகிறது. ஆகவே வறண்ட சூட்டில் அது மடியும். ஆயினும் விடியற்காலைத் தும்மலையும் இளைப்பையும் தூண்டுவது பெரும்பாலும் அதன் கழிவே என்பதால், வெயிலில் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. தலையணையை வெளியில் வைத்துத் தட்டித் தூசியை அகற்றுவதும், உறையை வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூடுள்ள, ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைப்பதும் உடன் செய்ய வேண்டியவை. தட்டும் வேலையை ஆஸ்துமா உள்ளவரிடம் விடலாகாது.

இலவம்பஞ்சுத் தலையணையை நீரில் நனைக்கவே கூடாது. இப்பஞ்சின் இழை உள்ளே காற்று நிறைந்த குழாய். அதன் மேற்புறம் மெழுகுப் பூச்சுடையது. செயற்கை நுரைப்பொருள்கள் வருமுன் உயிர்காப்பு மேலங்கிகளில் இதை அடைத்ததற்கும் இத்தன்மையே காரணம். இழை நீரை உறிஞ்சாவிட்டாலும் இழைகளுக்கிடையே நீர் தங்கிவிடுவதால், துவைத்த தலையணை கட்டிதட்டி, உட்புறம் காயாமல் பூஞ்சை நாற்றம் வீசும். காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை, இருபுறமும் திருப்பிப் போட்டு, இரண்டு மூன்று நாள் காய வைப்பதே முறை. நவரை அறுவடை நடக்கும் இந்நாட்களில் நெல் தூற்றும் களத்தருகே காய வைத்தால், ஒரு தூசியை விரட்டி இன்னொன்றை ஏற்றியதாகிவிடும். பாலியஸ்டர் பஞ்சுத் தலையணையைத் துவைக்கலாம்; ரப்பர் நுரைத் தலையணை வெயிலில் வெடிப்பு விடும் என்பதால் நிழலில் மட்டுமே உலர்த்த வேண்டும்.

எண்ணெய் தேய்த்த தலையோடும், குளித்து உலராத கூந்தலோடும் படுக்கும் வழக்கம் தலையணையின் ஆயுளை வெகுவாகக் குறைக்கிறது. மேலே ஒரு துண்டு விரிப்பதே போதும்.

தலையணையை இரண்டாக மடித்து விட்டால் நிமிராமல் கிடப்பதும், பஞ்சு ஒடிந்து பொடியாக உதிர்வதும் மாற்ற வேண்டியதன் அறிகுறிகள். புதுப்பஞ்சு வாங்குவோர் ஒரு சிட்டிகையை நீர் நிறைந்த டம்ளரில் இட்டுப் பார்க்கலாம்: இலவம்பஞ்சு நனையாமல் மிதக்கும், கலப்படமான கழிவுப் பருத்தி நீரை உறிஞ்சி அமிழத் தொடங்கும். இவ்வணிகத்துக்குப் பெயர்பெற்ற தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரின் பெயரைச் சொல்லி விற்றாலும் இச்சோதனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. கையில் விதை நெருடும் பஞ்சை வாங்காதிருப்பது நல்லது.

உயரத்தைப் பொறுத்தவரை, ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பும் தடிப்பும், மல்லாந்து படுப்பவருக்கு அதனினும் தாழ்ந்ததும் பொருந்தும். திணித்து அடைத்த தலையணையே உயர்ந்தது என்ற எண்ணம் கழுத்துவலியைத்தான் தரும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம். தலை உருண்டையாக அமையும் என்று வைக்கப்படும் கடுகுத் தலையணையும் மூச்சுத்திணறலுக்கு இடமளிக்கக் கூடியதே.

பழைய பஞ்சைப் பிரிப்பவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, அடுப்பும் பீடி நெருப்பும் இல்லாத திறந்தவெளியில் வேலை செய்ய வேண்டும். இலவம்பஞ்சு நொடியில் பற்றிக்கொள்ளும் என்பதால், கழித்த பஞ்சைக் குவித்துக் கொளுத்தாமல் குழி தோண்டிப் புதைப்பதே பாதுகாப்பு.